கைலாசத்தின் நாற்காலி

வீரபாகுவுக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பையன், ராசிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, கெட்ட சகவாசம் கிடையாது. ஆனாலும் கைலாசத்தை அந்த நாற்காலியில் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்துப் பார்த்தான், கேட்கவில்லை. மோரால் தீருகிற எரிச்சல் அல்ல அது.

சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் போகும் சாலையில் இருந்தது சேர்வராயன் காலேஜ். இரண்டு வருஷம் படித்து இன்டர்மீடியட் பரீட்சை எழுதுகிற காலேஜ். அதைத் திறந்து வைக்கக் கவர்னர் வருவார் என்று நம்பி, ஒரு ஜமீன்தார் ஒரு நாற்காலி செய்து கொடுத்திருந்தார். கைப்பிடியில் சிங்க முகம், சாய்மானத்தில் மயில், உட்காரும் இடத்தில் சிவப்பு வெல்வெட். கவர்னர் வரவில்லை. பிரின்சிபால் ராவ்சாகிப் அம்பலவாணன்கூட அதில் உட்காரத் துணிந்ததில்லை. சாதா நாற்காலி ஒன்றை எதிரே போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடியே உத்தியோகம் பார்த்தார். அப்பேர்ப்பட்ட நாற்காலியில் இப்போது கைலாசம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஜேடர்பாளையத்தில் வாழைத்தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் உள்ள குடும்பத்துப் பிள்ளை. அவன் செய்த சாதனை, இன்டர்மீடியட்டில் ஏழு வருஷமாகத் தேறாமல் இருந்ததுதான்.

இது எப்படிச் சாதனை ஆயிற்று என்று கேட்கலாம். வீரபாகுவும் அதைத்தான் கேட்டான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நாம் சொல்லிவிடலாம்.

முந்தின வருஷம் மதராஸிலிருந்து ஒரு கமிஷன் வந்து காலேஜைப் பார்வையிட்டது. மூன்று பெரிய மனிதர்கள் வந்தார்கள், வடை பாயசத்தோடு சாப்பிட்டார்கள், லைப்ரரியில் சிறிது நேரம் தூங்கினார்கள். போகும்போது ஒரே ஒரு வாக்கியம் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள்: “இங்கே சேருகிற மாணவர்கள் நிலைப்பதில்லை.” உண்மைதான். தீபாவளிக்குச் சேலை ஆர்டர் வந்தால் நெசவுக்கார வீட்டுப் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கரும்பு வெட்டு வந்தால் குடியானவர் வீட்டுப் பையன்கள் போய்விடுவார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் பரீட்சையில் தேறிப் போய்விடுவார்கள்.

அம்பலவாணன் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். தேறிப் போவதும் போவதுதானே என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது. அன்றைக்கே ‘நிலைப்புக் கமிட்டி’ ஒன்றை அமைத்தார். தர்க்க சாஸ்திரம் நடத்தும் லெக்சரர் உபகாரசாமி அதற்குக் காரியதரிசி. காலேஜில் யார் மிக நன்றாக நிலைத்திருக்கிறார் என்று கமிட்டி தேடிற்று. அதிக தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. கைலாசம் கான்டீனில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

அவனை நாற்காலியில் ஏற்றிய அன்று பிரின்சிபால் பேசிய பேச்சை வீரபாகு கடைசி வரிசையில் நின்று கேட்டான்.

“திருச்சியில் ஒரு காலேஜ் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்குத் தூக்கம் கெடும். நூற்றுக்கு அறுபது பேர் தேறினார்களாம், பத்திரிகையில் போட்டுக்கொள்கிறார்கள். கனவான்களே, அதற்கு என்ன அர்த்தம்? நூற்றுக்கு அறுபது பேர் அந்தக் காலேஜை விட்டு ஓடிவிட்டார்கள் என்று அர்த்தம்! நம் காலேஜில் அந்த வியாதி குறைவு. இனி அதை அடியோடு ஒழிப்போம். பாடம் எந்தக் காலேஜிலும் கிடைக்கும். அனுபவம் இங்கேதான் கிடைக்கும். ஏழு வருஷம் இங்கே அனுபவித்த பிறகும் போக மனமில்லாத இந்தச் சீமானைப் பாருங்கள். இவருக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்தோம் என்று கமிஷன் கேட்டால், ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை, அப்படியும் இருக்கிறார் என்று மார்தட்டிச் சொல்வேன்!”

எல்லாரும் கைதட்டினார்கள். கைலாசம் வெட்கப்பட்டு வெல்வெட்டைத் தடவிப் பார்த்தான். வீரபாகு அந்தக் கால் வருஷப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் முதலாவது. அதைச் சொல்ல அன்றைக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

அப்புறம் கமிட்டி வேலையில் இறங்கியது. கைலாசம் காலேஜில் எந்தெந்த அனுபவத்தால் நிலைத்தான் என்று உபகாரசாமி அவன் பின்னாலேயே நடந்து ஆராய்ந்தார். அவன் வேப்பமரத்து ஜன்னல் ஓரம் உட்காருவான் என்று தெரிந்தது. உடனே வகுப்பு முழுவதும் முறை வைத்து அந்த ஜன்னல் ஓரம் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவன் தர்க்க வகுப்பில் தூங்குவான் என்று தெரிந்தது. உபகாரசாமி அதைக் கௌரவக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை; பிற்பகலில் தூங்குவதற்கென்று ஒரு மணி அடிக்க ஏற்பாடு செய்தார். தூக்கம் வராதவர்களின் பெயரைப் பியூன் எழுதிக்கொண்டான். பஜ்ஜி கட்டாயப் பாடமாயிற்று. மாணவன் காலேஜ் கட்டிடத்தைக் கண்டதும் முகம் மலருகிறானா என்று பார்க்கக் காலையில் கேட்டருகே ஒரு டியூட்டர் நிறுத்தப்பட்டார்.

வீரபாகுவுக்குப் பகலில் தூக்கம் வராது. தறிமேட்டில் பிறந்து வளர்ந்தவன். நாள் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டே பழகியவனுக்கு அமைதியில் கண் மூடாது. ‘அனுபவம் போதாது’ என்று அவன் மேல் புகார் போயிற்று. முதல் மார்க் வாங்கினால் பேர் இல்லை, தூங்காவிட்டால் புகார். எதிரே கைலாசம் சிங்க முகத்தில் கை போட்டபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் நானே இருந்திருந்தாலும் எனக்கும் எரிந்திருக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட அவனைச் சுட்டது ஒரு போட்டோ.

வருஷா வருஷம் எல்லாரையும் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். முன்னால் நாற்காலிகளில் ஆசிரியர்கள், நடுவில் மயில் நாற்காலியில் கைலாசம், பின்னால் நிற்கிறவர்கள். வீரபாகு நின்றது சமஸ்கிருத பண்டிதரின் தலைப்பாகைக்குப் பின்னால். போட்டோவில் அவன் நெற்றி மட்டும் விழுந்திருந்தது, அதிலும் பாதி. அதைச் சட்டம் போட்டு ஊருக்கு எடுத்துப் போனான். அப்பா சின்னுசாமி தறியை விட்டு எழுந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார்.

“ஏஞ்சாமி, இதுல நீ எங்கிருக்கறே?”

வீரபாகு நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

“சரி, சரி. நெத்தி நல்லா உளுந்திருக்குது” என்றார் சின்னுசாமி.

அம்மா கந்தம்மாள் மயில் நாற்காலியில் விரலை வைத்தாள். “இவுங்கதான் பெரிய வாத்தியாருங்களா? என்ன கம்பீரமா உக்காந்திருக்கறாரு! நீயும் ஒரு நாளைக்கு இந்த மாதிரி நாற்காலியில உக்காருவயா கண்ணு?”

“அவரு வாத்தியாரு இல்லீங்கம்மா. எங்கூடப் படிக்கறவரு.”

“கூடப் படிக்கறவருக்கு நாற்காலி குடுத்திருக்கறாங்க. உனக்கு ஏஞ்சாமி குடுக்கலை?”

படிப்பின் விஷயத்தில் சின்னுசாமியின் கணக்கு நேரானது: தேறினால் திருச்சிக்கு அனுப்பி பி.ஏ. படிக்க வைப்பது, தவறினால் தறிக்குத் திரும்புவது. நாற்காலி இந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அன்று முதல் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கந்தம்மாள் போட்டோவைக் காட்டினாள். எல்லாரும் கைலாசத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். மகனின் நெற்றியைக் காட்ட அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. அதை வீரபாகு கவனித்துவிட்டான்.

மறு வருஷம் கமிட்டி அவனைக் கூப்பிட்டு அனுப்பிற்று. உபகாரசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “மார்ச்சில் பரீட்சை எழுதப் போகிறீரா?”

“ஆமாங்க.”

“எழுதினால்?”

“தேறிருவேனுங்க.”

“தேறினால்?”

“போயிருவேனுங்க.”

உபகாரசாமி பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் கண்ணை மூடிக்கொண்டார். “எவ்வளவு கூசாமல் சொல்கிறான் பார்த்தீரா! வந்தான், படித்தான், போனான் என்று இருக்கப் பார்க்கிறான். தம்பி, இந்தக் காலேஜ் என்ன பஸ் ஸ்டாண்டா?”

“இல்லீங்க. படிக்கறதுக்குத்தானுங்களே…”

“படிப்பு! படிப்பு ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் காலேஜ் வாழ்க்கையில் ஒட்டவே மாட்டான். இவன் ஆபத்தான நிலையில் இருக்கிறான், உபகாரசாமி. உடனே இவனைக் கைலாசத்தின் பொறுப்பில் விடும். கூடவே இருந்து பழகட்டும்.”

இப்படியாக வீரபாகு தன் வயிற்றெரிச்சலுக்குக் காரணமானவனோடு தினமும் சாயங்காலம் அயோத்தியாப்பட்டணம் கோயில் வரை உலாவப் போக வேண்டியதாயிற்று. முதல் இரண்டு நாள் வீரபாகு பத்தடி முன்னாலேயே நடந்தான். மூன்றாம் நாள் கோயில் மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு கைலாசம்தான் ஆரம்பித்தான்.

“தம்பி, உன்னயப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குது.”

வீரபாகு திடுக்கிட்டான். தன் சரக்கை இன்னொருவன் எடுத்து விற்பதைப் போல இருந்தது. “என்னயப் பாத்துங்களா? நீங்க மயில் நாற்காலியில உக்காந்திருக்கறீங்க. எனக்கு நெத்திகூட முழுசா இல்லீங்க.”

“நாற்காலியா? அதுல மூட்டப்பூச்சி இருக்குது தம்பி. சங்ககிரியில எனக்கு ஒரு பொண்ணு பேசி வெச்சிருக்கறாங்க, கமலவேணின்னு. நான் பாஸ் பண்ணாத் தாரோம்னு சொல்லீட்டாங்க. வருஷா வருஷம் அந்தப் புள்ளையும் காத்துட்டு இருக்குது. இந்த வருஷந்தான் கடைசி, இதுக்கு மேல வேற எடம் பாக்கறோம்னு சொல்லி உட்டுட்டாங்க.” கைலாசம் துண்டால் முகத்தைத் துடைத்தான். “நான் படிக்கலாம்னு புஸ்தகத்தத் தொறந்தாப் போதும், உபகாரசாமி சார் மரியாதை பண்றேன்னு மாலையத் தூக்கீட்டு வந்துர்றாரு. எனக்குப் படிப்புச் சொல்லிக் குடு தம்பி. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

வீரபாகு சம்மதித்தான். இரக்கப்பட்டுச் சம்மதித்தான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை. கைலாசம் தேறினால் நாற்காலி காலியாகும் என்று அவனுக்கு அந்த நொடியே தோன்றிவிட்டது. யார் உட்காருவார்கள் என்பதுவரை அவன் யோசிக்கவில்லை. இவன் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

பொறாமையைப் போல உழைக்கிற வாத்தியார் கிடையாது. சரித்திரத்தைக் கதையாகச் சொன்னான், தர்க்கத்தை வாழைத்தோப்பு வழக்குகளாக மாற்றிச் சொன்னான், இங்கிலீஷைத் தலையில் தட்டாத குறையாக ஏற்றினான். பகல் தூக்க மணி அடிக்கும்போது இருவரும் போர்வைக்குள் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு படித்தார்கள். கண் மூடியிருப்பதாக நினைத்துப் பியூன் இருவருக்கும் நல்ல பேர் எழுதினான். வீரபாகு ஒட்டிக்கொண்டுவிட்டான் என்று கமிட்டி மகிழ்ந்தது. ஒட்டியதும் உண்மைதான். கைலாசம் ஒரு பத்தியைப் பிழையில்லாமல் இங்கிலீஷில் எழுதிக் காட்டிய அன்று, வீரபாகு தன்னை மறந்து அவன் முதுகில் தட்டிவிட்டான். அப்புறம் ஏன் தட்டினோம் என்று எரிச்சல் பட்டான்.

மார்ச் வந்தது. பரீட்சை ஹாலில் கைலாசம் முன் வரிசை, வீரபாகு அவனுக்குப் பின்னால். கடைசிப் பரீட்சை தர்க்கம். கேள்வித்தாளைப் பார்த்ததுமே வீரபாகுவுக்கு எல்லாம் தெரிந்தது. முன்னால் கைலாசத்தின் பேனா நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இவன் தேறிவிடுவான், நிச்சயம். நாற்காலி காலி.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. காலியான நாற்காலி காலியாகவே இருக்குமா? தவறியவன் எவனாவது அதில் உட்காருவான். கடைசி வரிசையில் தூங்கும் எவனோ ஒருவன் மயிலின்மேல் சாய்ந்து போட்டோவுக்கு நிற்பான், இல்லை, உட்காருவான். நான் பண்டிதரின் தலைப்பாகைக்குப் பின்னால் இருந்து, இந்த ஊரையே விட்டுப் போவேன். ராசிபுரத்துச் சுவரில் பாதி நெற்றிதான் கடைசிவரை நிலைக்கும். அம்மா விருந்தாளிகளுக்கு வேறு எவன் முகத்தையோ காட்டிக்கொண்டிருப்பாள்.

வீரபாகு பேனாவை மூடினான். நம்பரை மட்டும் எழுதிய தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். மனசு லேசாக இருந்தது. லேசாக இருந்தது அவனுக்கே பயமாக இருந்தது.

ரிசல்ட் பத்திரிகையில் வந்த அன்று சேர்வராயன் காலேஜில் துக்கம். கைலாசத்தின் நம்பர் தேறியவர்கள் வரிசையில் இருந்தது. பிரின்சிபால் காலேஜுக்கு விடுமுறை விட்டார். மறுநாள் எல்லாரையும் கூட்டி வைத்துத் தழுதழுத்த குரலில் பேசினார்.

“எட்டு வருஷம் வளர்த்தோம். பஜ்ஜி கொடுத்தோம், நாற்காலி கொடுத்தோம், தூங்க மணி அடித்தோம். ஒரு வார்த்தை சொல்லாமல் தேறிவிட்டார். இனிமேல் தேறியவர் எவரும் இந்தக் காம்பவுண்டுக்குள் காலடி வைக்கக் கூடாது. பார்த்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிடும். ஆனால் கனவான்களே, இந்த இருட்டிலும் ஒரு வெளிச்சம். எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்த ஒரு மாணவர், தேற முடிந்தும் தேறாமல் நம்மோடு தங்கிவிட்டார். கைலாசம் தெரியாமல் நிலைத்தார். இவரோ தெரிந்தே நிலைத்திருக்கிறார்! இதுதான் நம் கமிட்டியின் வெற்றி. திருச்சிக்காரன் இதற்கு என்ன பதில் சொல்வான்?”

வீரபாகுவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெல்வெட் மெத்தென்று இருந்தது. மூட்டைப்பூச்சி இருப்பதும் சிறிது நேரத்தில் தெரிந்தது.

குரூப் போட்டோ அன்றைக்கு சின்னுசாமியும் கந்தம்மாளும் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். மகனுக்குக் காலேஜில் மரியாதை செய்கிறார்கள் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். சின்னுசாமி தன் கையால் நெய்த குண்டஞ்சுக் கரை வேட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மகன் தேறினால் கட்டவென்று போன வருஷமே கரை போட்டு வைத்த வேட்டி. கழுத்தில் மாலையோடு மயில் நாற்காலியில் மகனைப் பார்த்ததும் இருவரும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

பிரின்சிபால் சின்னுசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் பிள்ளை எங்கும் போக மாட்டான். இன்னும் பல வருஷம் இந்தக் காலேஜிலேயே இருப்பான். அதற்கு நான் உத்தரவாதம்.”

சின்னுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. “கேட்டயா கந்தம்மா? படிச்ச காலேஜிலயே வாத்தியாரு வேலை போட்டுக் குடுத்துட்டாங்க! திருச்சியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.” வேட்டியைப் பிரித்து மகனின் தோளில் போர்த்தினார். “தேறுனதுக்குன்னு நெய்ஞ்சது சாமி. இதையே கட்டீட்டுப் பாடம் நடத்து.”

வீரபாகு வாயைத் திறந்தான். “அப்பா, நான் தேறலீங்க” என்று சொல்லத்தான் திறந்தான். கந்தம்மாள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கூச்சம் கொஞ்சம்கூட இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டான்.

போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். அப்போது கேட்டில் ஏதோ தகராறு. கைலாசம் ஒரு பூவன் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பக்கத்தில் மஞ்சள் கயிறு மின்ன ஒரு பெண்.

“என்ற தம்பிக்குக் குடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வாரேனுங்க. அவந்தானுங்க எனக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்தான்” என்று கைலாசம் கெஞ்சினான்.

“தேறினவங்களை உள்ளே விடக் கூடாதுன்னு ஆர்டருங்க. தாரை இங்கயே வெச்சுட்டுப் போயிருங்க” என்றான் வாட்ச்மேன்.

கைலாசம் தாரைக் கேட்டோரம் சாய்த்து வைத்தான். கம்பிகளுக்கு இடையில் எக்கிப் பார்த்து, வீரபாகுவைக் கண்டுபிடித்து, கையை உயர்த்திக் காட்டினான். கமலவேணி ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு சாலையில் வந்த சங்ககிரி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். வீரபாகுவுக்கு வயிறு எரிந்தது. முன்பு எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும்படி எரிந்தது.

“இங்கே பாருங்கோ!” என்றார் போட்டோக்காரர்.

அந்தப் போட்டோ இப்போதும் ராசிபுரத்து வீட்டில் தறிக்கு எதிர்ச் சுவரில் தொங்குகிறது. முழு முகமும் நன்றாக விழுந்திருக்கிறது. மயில், சிங்கம், மாலை, குண்டஞ்சுக் கரை, எல்லாம் தெளிவு. வருகிறவர்களிடம் சின்னுசாமி, “எங்க வாத்தியாரு” என்று காட்டுவார். கந்தம்மாளுக்கு மட்டும் அதில் ஒரு சின்னக் குறை உண்டு. தீபாவளிக்கு ஊருக்கு வந்த மகனிடம் அதைக் கேட்டேவிட்டாள்.

“எல்லாரும் நேராப் பாத்துட்டு இருக்கறாங்க. நீ மட்டும் ஏஞ்சாமி பஸ்ஸைத் தவற உட்டவனாட்டம் ரோட்டைப் பாக்கறே?”